ஐந்தாவது சிலிண்டர்

கெட்டிலின் மூக்கிலிருந்து கிளம்பிய ஆவி நேராக மேலே போகவில்லை.

இர்மா அதை முதலில் கவனித்தது ஒரு மதிய நேரத்தில், ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கும் பொழுதில். வெயில் தகரக் கூரையை வறுத்துக்கொண்டிருந்தது. எல்லா வீடுகளிலும் ஜன்னல் கதவுகள் சாத்தியிருந்தன. யூகலிப்டஸ் வரிசையில் ஓர் இலைகூட அசையவில்லை. அடுக்களையின் இருட்டில் தனியாக உட்கார்ந்து அவள் குழல் வைத்து உறிஞ்சும் மாத்தே இலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கெட்டிலிலிருந்து வந்த ஆவி ஒரு சாண் உயரம் எழுந்தது. அங்கே யாரோ நூலைப் பிடித்து இழுத்ததுபோல வளைந்து, ரொட்டிக் கூடையைத் தாண்டி, சுவர்க் காலண்டரைத் தாண்டி, நடைவழிக் கதவை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. அவள் நடுவில் கையை நீட்டினாள். ஆவி அவள் விரல்களைச் சுற்றிக்கொண்டு, அந்தப் பக்கம் மறுபடி ஒன்றுசேர்ந்து, தன் வழியே போனது.

எங்கோ கதவிடுக்கு இருக்கும் என்று நினைத்தாள். எழுந்துபோய் நடைவழிக் கதவை அழுத்திச் சாத்தினாள். ஆவி ஒரு கணம் நிமிர்ந்து நின்றது. பிறகு மேசை விளிம்பில் வழிந்து, தரையோடு தரையாக, கதவின் அடியிடுக்கைத் தேடிப் போனது.

நடைவழியின் அந்தக் கோடியில் பட்டறை. பட்டறையில் அந்த எஞ்சின்.

கோடை தொடங்கும்போது அதைக் கொண்டுவந்தார்கள், அவள் புருஷன் பாஸிலியோவும் அவன் தம்பி தார்தோவும். பாஸிலியோ எஞ்சின் கட்டுகிறவன். தார்தோ அதை ஓட்டுகிறவன். வருஷா வருஷம் ஊர்களுக்கு நடுவே மண் ரோட்டில் நடக்கிற கார்ப் பந்தயத்தில் தார்தோவின் பழைய இரண்டு கதவு வண்டி கிளம்பும். பாதி வழியில் எல்லோரும் அதைத் தாண்டிப் போவார்கள். அந்த வருஷம் மழை பொய்த்து, தெற்கே இருக்கும் உப்பு ஏரி சுண்டிப்போனது. நடு ஏரியின் சேற்றில் ஒரு வண்டியின் கூரை தெரிந்தது. பல வருஷத்துக்கு முன் ஒரு பந்தயத்தில், புழுதியில் வளைவு தெரியாமல் தண்ணீருக்குள் பாய்ந்த சிப்ரியானோ என்ற பந்தயக்காரனின் வண்டி. வண்டியை இழுத்துப் போட்டபோது கண்ணாடிகள் எல்லாம் ஏற்றி மூடியபடியே இருந்தன. கதவுகள் உள்பக்கம் பூட்டியிருந்தன. சிப்ரியானோதான் இல்லை.

எஞ்சினை அண்ணன் தம்பி இரண்டு பேரும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், நீளமான இரும்புப் பெட்டி. உப்புத் தண்ணீரில் அத்தனை வருஷம் கிடந்த இரும்பு துருப்பிடித்து உதிர்ந்திருக்க வேண்டும். சேற்றைக் கழுவியதும் உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது.

"பாரு அண்ணி, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ள மாதிரி இருக்கான்" என்றான் தார்தோ. எப்போதும் வாய் நிறையச் சிரிப்பு அவனுக்கு. பேசாமல் இருக்கவே தெரியாதவன்.

"செத்தவன் வண்டிடா இது" என்றாள் இர்மா.

"ஓட்டுனவன் செத்தான். எஞ்சின் என்ன பண்ணுச்சு பாவம், மூச்சு முட்டி நின்னுபோச்சு."

அதற்கு மூச்சு தருவதுதான் வேலை என்று பாஸிலியோ சொன்னான். அந்தக் காலத்து ஆறு சிலிண்டர் எஞ்சின்களுக்கெல்லாம் அதுதான் குறை. உடம்பு பெரிது, வாய் சின்னது. காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வால்வுகள் சிறியவை. வேகம் ஏற ஏற அது இழுக்கப் பார்க்கும், போதாமல் திணறும். லாரி எஞ்சினின் பெரிய வால்வுகளை வாங்கிவந்தான். எஞ்சினின் தலை என்கிற மேல்மூடியில், வால்வு வந்து உட்காரும் துளைகளை அவற்றுக்குத் தக்கபடி அகலமாகக் குடைய வேண்டும். பொறுமையான வேலை. குடையும் இடத்துக்குப் பின்னால் மெல்லிய இரும்புச் சுவர், அதற்கும் பின்னால் எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் ஓடும் அறை. ஒரு மயிரிழை அதிகம் போனால் சுவர் உடையும், அத்தனையும் வீண்.

நாலு சிலிண்டர் ஒழுங்காக முடிந்தது. ஐந்தாவதில் வெட்டுக்கருவியைத் திருப்பிக்கொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். இர்மா பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்டிய விளிம்பில் தண்ணீர் கசிந்தது.

"போச்சு" என்றான் தார்தோ. "ஒடச்சிட்ட."

பாஸிலியோ துணியால் ஒற்றி, விரலால் தடவி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான். ஓட்டை இல்லை. கீறல்கூட இல்லை. மறுபடி கசிந்தது. அந்தத் தலையை அவர்கள் காரச்சோடாவில் போட்டு வேகவைத்திருந்தார்கள். அதன்பின் வாரக்கணக்கில் அது மேசைமேல் காய்ந்து கிடந்தது. பாஸிலியோ விரல் நுனியை நாக்கில் வைத்தான்.

"உப்பு" என்றான்.

தார்தோ குனிந்து கசிவைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "ஏரிக்கு நம்ம மேல இன்னும் ஆசை விடல."

ஆவி வளைந்தது அதற்கு மறுநாள்.

வால்வுகளைத் தேய்க்கும் வேலை இர்மாவுக்கு வந்தது. பாஸிலியோவின் மணிக்கட்டு முன்பே ஒருமுறை முறிந்திருந்தது. அந்த வேலை அவனுக்கு ஒத்துவராது. நுனியில் ரப்பர்க் கிண்ணம் வைத்த மரக்குச்சி. கிண்ணம் வால்வின் முகத்தைக் கவ்விக்கொள்ளும். விளிம்பில் மணல்போன்ற பசையைத் தடவி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே குச்சியை மத்துப்போல இப்படியும் அப்படியும் கடைய வேண்டும். வால்வும் அது உட்காரும் இடமும் ஒன்றையொன்று தேய்த்து, காற்றுப் புகாமல் பொருந்தும்வரை. அவள் எத்தனையோ எஞ்சினுக்குச் செய்திருக்கிறாள். கர்ர், கர்ர் என்ற அந்தச் சத்தம் அவளுக்குப் பிடிக்கும். முதலில் கரகரப்பாகத் தொடங்கி, பசை தேயத் தேய மெழுகுபோல ஆகிவிடும்.

ஐந்தாவதில் குச்சி அவள் கையில் கனமற்றுப் போனது.

அவள் அழுத்தவில்லை. வால்வே கீழே அழுத்திக்கொண்டது. அதன் தண்டை அடியிலிருந்து யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல. அவள் ஒரு பக்கம் திருப்பினால் அது விட்டுக்கொடுத்தது. மறுபக்கம் திருப்பும்போது அவளைவிட முன்னால் போனது. அவள் கையை எடுத்தாள். குச்சி தானாக அரைச்சுற்று சுற்றி நின்றது.

தலை வெறும் மேசைமேல், இரண்டு மரக்கட்டைகளின் மேல் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. அவள் குனிந்து, காற்று நுழையும் பக்கத்துத் துளைக்கு எதிரே முகத்தை வைத்துப் பார்த்தாள். காதோரம் தொங்கிய முடிக்கற்றை மெல்ல எழுந்து துளைக்குள் போனது. போய் நின்றது. பிறகு, வெதுவெதுப்பாக, நெடுநாள் மூடிவைத்த பாத்திரத்தைத் திறந்ததுபோல, சேற்று நாற்றம் அவள் முகத்தில் அடித்தது. முடி திரும்ப வந்து கன்னத்தில் ஒட்டியது. ஈரமாக.

அவள் போட்ட சத்தத்தில் பாஸிலியோ ஓடிவந்தான். அவன் குனிந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை. கையை வைத்துப் பார்த்தான். இரும்பு, அவ்வளவுதான்.

"வெயில் இர்மா. போய்ப் படு."

"அது மூச்சு விட்டுச்சு."

"விடணும்னுதானே இத்தன பாடு!" என்று தார்தோ கதவருகிலிருந்து கத்தினான். இரண்டு பேரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தேய்த்து முடித்ததும் மண்ணெண்ணெய்ச் சோதனை. வால்வுகளை மூடிவைத்து, தலையைக் கவிழ்த்து, ஒவ்வொரு சிலிண்டரின் குழியிலும் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். பொருத்தம் சரியில்லை என்றால் துளை வழியே கசிந்து கீழே சொட்டும். ஐந்து குழிகளில் மண்ணெண்ணெய் கண்ணாடிபோல நின்றது. ஐந்தாவது சிலிண்டரின் குழியில் மட்டும் இறங்கியது. பாஸிலியோ துளைக்குள் விரலை விட்டுப் பார்த்தான், காய்ந்திருந்தது. அடியில் விரித்திருந்த காகிதத்தில் ஒரு பொட்டு இல்லை. மறுபடி நிரப்பினான். மூன்று பேரும் நின்று பார்த்துக்கொண்டிருக்க, மட்டம் மெதுவாக, சீராக, நடுநடுவே நின்று, குடிக்கிறவன் தொண்டை ஏறி இறங்குவதுபோல நின்று, இறங்கியது.

தார்தோ மேசையிலிருந்து ஓர் அடி பின்வாங்கினான்.

"வெக்கை. ஆவியாயிருக்கும்" என்றான் பாஸிலியோ. அவன் குரல் அவனுக்கே சமாதானம் சொல்வதுபோல இருந்தது.

"இத அந்த ஏரியிலயே கொண்டுபோய்ப் போட்டுடலாம். பாஸிலியோ, உன்னக் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள் இர்மா.

"இன்னும் ரெண்டு வாரத்துல, ஞாயித்துக்கிழமை, பந்தயம் நம்ம ஊர் வழியாப் போகுது. தார்தோ வாழ்க்கையில ஒரு தடவையாவது சொந்த ஊர்க்காரங்க முன்னாடி முதல்ல வரட்டும். அப்புறம் நீ சொல்றத செய்யறேன்."

தலையை எஞ்சினில் ஏற்றி இறுக்கினார்கள். அதன்பிறகு வீட்டில் காற்று குறைந்தது.

அதை எப்படிச் சொல்வது என்று இர்மாவுக்குத் தெரியவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தாலும், மூடிய பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. அடுப்புத் தீ பட்டறைப் பக்கம் சாய்ந்து எரிந்தது. முற்றத்தில் கோழிகள் இரை பொறுக்குவதை விட்டுவிட்டு, எல்லாம் பட்டறைச் சுவரைப் பார்த்து, அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. வெயிலில் கோழிகள் அப்படித்தான் அலகைத் திறக்கும். ஆனால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் திறந்து, ஒரே நேரத்தில் மூடின.

தார்தோ குட்டை குட்டையாகப் பேச ஆரம்பித்தான். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நிறுத்துவான். அடுத்ததற்குக் காற்று சேர்ப்பான். அவள் வற்புறுத்தி அவனைத் தெருக்கோடியில் ஊசி போடும் எர்சிலியாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். எர்சிலியா பருத்த, கலகலப்பான பெண். ஊரில் யாருக்கு என்ன வந்தாலும் முதலில் அவளிடம்தான் போவார்கள். அவள் தார்தோவின் முதுகில் காதை வைத்துக் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்னடா, உள்ள மிஷின் எதாவது வெச்சிருக்கியா?" என்றாள். "டொக்கு டொக்குன்னு என்னமோ அடிக்குது."

"அது இதயம்... எர்சிலியா. உன்னப் பாத்தா... அடிக்காதா?"

எர்சிலியா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். "புழுதியும் சிகரெட்டும். ரெண்டு நாள் பட்டறைப் பக்கம் போகாம இரு."

இர்மா அவளைத் தனியே இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். உப்புத் தண்ணீர், முடிக்கற்றை, மண்ணெண்ணெய். சொல்லும்போதே எர்சிலியாவின் முகத்தில் அந்த இரக்கம் வந்து உட்காருவதைப் பார்த்தாள். புத்தி பேதலித்தவர்களிடம் காட்டும் இரக்கம்.

"தூங்கறதுக்கு ஒண்ணு தரட்டுமா கண்ணு?"

மறுநாள் மதியம் பாஸிலியோ படுக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். இர்மா பக்கத்தில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தாள். அவன் மூச்சு வழக்கமான மூச்சாக இல்லை. குட்டையாக இரண்டு, நீளமாக ஒன்று, நடுவில் ஒரு நிறுத்தம். மறுபடி குட்டையாக இரண்டு. சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், வயரும் பேட்டரியும் பொருத்தாத எஞ்சினிலிருந்து மெல்லிய சீறல் கேட்டது. குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று. நிறுத்தம்.

அவள் எழுந்து போனாள். வெறுங்காலோடு. தகர இடுக்குகளில் வெயில் கம்பி கம்பியாக இறங்கியிருந்தது. அந்தக் கம்பிகளில் தூசி மிதக்கவில்லை, ஓடியது. எல்லாத் தூசியும் ஒரே பக்கம், கார்புரேட்டர் இன்னும் மாட்டாத, திறந்து கிடந்த துளைகளின் பக்கம். அவள் பழைய துணியைச் சுருட்டி ஐந்தாவது துளையில் திணித்தாள். நல்ல கெட்டித் துணி. பாதி திணிக்கும்போதே அது அவள் கையிலிருந்து போனது. வழுக்கவில்லை. வாங்கிக்கொள்ளப்பட்டது. அவள் விரல் நுனிகளை மென்மையாக, குளிராக, ஏதோ ஒன்று தொட்டது.

புகை வெளியேறும் பக்கத்தில் துணி விழுந்தது. வால்வுகள் மூடியிருந்தன. அந்த வழியே ஒரு நூல்கூட வந்திருக்க முடியாது. துணியில் கறுப்புச் சேறு. பிழிந்தால் தண்ணீர்.

அவள் திரும்பிப் பார்க்காமல் முற்றத்தைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். பஸ் நிற்கும் நெடுஞ்சாலைக்குப் போய், எந்த வண்டி வந்தாலும் ஏறி, தன் அக்கா ஊருக்குப் போய்விடலாம். அங்கிருந்து ஆட்களைக் கூட்டி வரலாம். கடைசி வீடு தாண்டியது. காற்றாலைக் கம்பம் வந்தது. அங்கே மூச்சு நின்றது.

அடைக்கவில்லை, இருமல் இல்லை. இழுத்தால் ஒன்றும் வரவில்லை. வாயைத் திறந்து, நெஞ்சை விரித்து, அத்தனை பெரிய சமவெளியின் நடுவில், கண்ணுக்கெட்டியவரை காற்று மட்டுமே இருக்கிற இடத்தில், அவளுக்கு ஒரு வாய்க் காற்று கிடைக்கவில்லை. கண் இருட்டியது. முழங்கால் மடிந்தது. ஊர்ப்பக்கம் தவழ்ந்தாள். ஓர் அடி. கொஞ்சம் வந்தது. இன்னொரு அடி. இன்னும் கொஞ்சம்.

வீட்டு வாசலுக்கு வந்தபோது நன்றாக மூச்சு விட்டாள். குட்டையாக இரண்டு. நீளமாக ஒன்று.

அதற்குமேல் அவள் எதுவும் சொல்லவில்லை. யாரிடம் சொல்ல?

பந்தயத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூரணம் வைத்த ரவியோலியும் சாஸும் சாப்பிட்டு எழுந்ததும், எஞ்சினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கலாம் என்றான் பாஸிலியோ. மரச் சட்டத்தில் நிறுத்தி, பேட்டரி மாட்டி, மேலே உத்தரத்தில் ஒரு கண்ணாடிக் குடுவையைத் தொங்கவிட்டு, அதிலிருந்து குழாய் வழியே பெட்ரோல் இறங்கும்படி செய்திருந்தான். தார்தோவுக்கு நிற்க முடியவில்லை. ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். உதடு நீலமாக இருந்தது. சிரித்தான்.

"பேரு வைக்கணும்... அண்ணி. இவனுக்கு."

ஸ்டார்ட்டர் ஒருமுறைதான் சுற்றியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தை வெறுக்க வேண்டும் என்றுதான் இர்மா நினைத்திருந்தாள். முடியவில்லை. ஆழமாக, உருண்டையாக, தரையிலிருந்து காலில் ஏறி நெஞ்சில் வந்து திறந்தது அது. பல நாட்களுக்குப் பிறகு அவளுக்கு முழு மூச்சு வந்தது. இனிப்பான காற்று. அவள் கண்ணில் நீர் வந்தது. தார்தோ பெட்டியிலிருந்து எழுந்து நின்றான். கன்னத்தில் ரத்தம் ஏறியது.

"கேளு அண்ணே! கேளு! எப்படி இழுக்குது பாரு!" ஒரே மூச்சில் சொன்னான்.

கார்புரேட்டர்கள் ஒரே அளவில் இழுக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர்க் குழாயின் ஒரு முனையைக் கார்புரேட்டர் வாயிலும், மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். தார்தோ வைத்துக் கேட்டான். முதலாவது. இரண்டாவது. கடைசியில் அதிகநேரம் நின்றான். அவன் சிரிப்பு மெல்ல அணைந்தது.

"என்னடா?"

"பேசறான்."

"யாரு?"

தார்தோ தலையை மட்டும் ஆட்டினான், ஆமாம் ஆமாம் என்று, குழாயின் அந்தப் பக்கத்துக்கு. பிறகு குழாயைக் காதிலிருந்து எடுத்து, சாதாரணமாக, மாத்தே உறிஞ்சப்போகிறவன்போல, வாயில் வைத்துக்கொண்டான். நெஞ்சுக்கூடு உள்வாங்கியது.

"நிறுத்து!" என்று இர்மா கத்தினாள். "பாஸிலியோ, நிறுத்து அத!"

பாஸிலியோ சுவிட்சை அணைத்தான்.

எஞ்சின் நின்றது. நிசப்தம். இர்மா மூச்சு இழுத்தாள். ஒன்றும் இல்லை. பாஸிலியோ தொண்டையைப் பிடித்தான். மேசையில் சாய்ந்தான். கருவிகள் தரையில் சிதறின. தார்தோ மல்லாக்க விழுந்து கிடந்தான், வாய் ஓரத்தில் சேற்று நீர். காற்றாலையடியில் வந்த அதே இருட்டு, ஓரங்களிலிருந்து உள்ளே வந்தது. அவள் சுவரைப் பிடித்து, மேசையைப் பிடித்து, சுவிட்சைத் தட்டினாள். ஸ்டார்ட்டரை அழுத்தினாள்.

எஞ்சின் பிடித்தது. காற்று வந்தது.

மூன்று பேருக்கும் வந்தது. பாஸிலியோ தரையில் உட்கார்ந்து அவளைப் பார்த்தான். கண்கள் அவனுடையவைதாம், எல்லாம் புரிந்த கண்கள். ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல் வரவில்லை. குட்டையாக இரண்டு மூச்சு. நீளமாக ஒன்று. கைகால்கள் அவன் பேச்சைக் கேட்கவில்லை; இர்மாவின் கைகள் மட்டும் அசைந்தன.

புது எஞ்சின். இன்னும் சரியாகச் சீர்ப்படவில்லை. மெதுவாக விட்டால் தடுமாறியது. அவள் முடுக்கும் கம்பியைக் கையால் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. விட்டால் சத்தம் தாழும். தாழ்ந்தால் தார்தோவின் முகம் கறுக்கும். பிடித்தாள். மறுகையை நீட்டி, தெருப்பக்கத்துப் பெரிய கதவின் தாழ்ப்பாளைக் காலாலும் கையாலுமாகத் தள்ளித் திறந்தாள். யாராவது வரட்டும். யாராவது.

"எர்சிலியா!"

வெயில் உள்ளே கொட்டியது. கண் கூசியது. பிறகு தெரிந்தது.

எல்லோரும் வந்திருந்தார்கள்.

தெரு நிறைய நின்றார்கள். படுக்கையிலிருந்து எழுந்து வந்த கோலத்தில். உள்பாவாடையோடு. பனியனோடு. வெறுங்காலோடு, கொதிக்கிற மண்ணில். யாரும் காலை மாற்றி வைக்கவில்லை. எர்சிலியா முன்னால் நின்றாள், முடி அவிழ்ந்து. பெட்ரோல் பங்க்காரன் நின்றான், இடுப்பில் சாவிக்கொத்தோடு. வாய்கள் திறந்திருந்தன. நெஞ்சுகள் ஏறின, இறங்கின. ஒன்றாக. எஞ்சினோடு.

"பெட்ரோல்!" என்றாள் அவனைப் பார்த்து. "பெட்ரோல் கொண்டா! ஓடு!"

அவன் கண்கள் அவள்மேல்தான் இருந்தன. கண்ணீர் வழிந்தது. காலை எடுக்க முடியவில்லை.

அவள் அண்ணாந்து பார்த்தாள். குடுவையில் பெட்ரோல் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் வேறு டின் இல்லை. கம்பியிலிருந்து கையை எடுக்க முடியாது. கொஞ்சம் மெதுவாக்கினாள், சேமிக்க. தெருவில் ஒரு கிழவர் முழங்காலில் விழுந்தார். உடனே கூட்டினாள். பெட்ரோல் வேகமாக இறங்கியது.

குடுவையின் அடி தெரிந்தது. குழாயில் ஒரு குமிழ் ஓடியது. இன்னொன்று.

எஞ்சின் ஒரு தரம் தடுமாறியது.

தெரு முழுக்கத் தடுமாறியது.

எதிர்வீட்டுப் பெண்ணின் தோளில் கிடந்த கைக்குழந்தை தலையைத் தூக்கி, பட்டறைக்குள், இர்மாவின் கையை நேராகப் பார்த்தது. வாயைத் திறந்தது. அழவில்லை. திறந்தபடியே வைத்திருந்தது, அடுத்த மூச்சுக்காக.